கோல் அடிக்காத டிஃபென்டருக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? ஃபேன்டஸி ஃபுட்பாலில் மாறிய விதியும், மாறிய சட்டமும் - முழு விவரம்

2025 ஆகஸ்ட் மாதத்தில் ஃபேன்டஸி ரசிகர்களுக்கு ரெண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடந்தது. ஒன்று, பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மத்திய அரசு தடை கொண்டு வந்தது. இன்னொன்று, உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இலவசமாக விளையாடும் ஃபேன்டஸி பிரீமியர் லீக்கில், டிஃபென்டர்களின் வேலைக்குத் தனியாகப் பாயின்ட் கொடுக்கும் விதி வந்தது.

ஒரு பக்கம் ஆட்டத்தை விட்டுப் பணம் வெளியே போனது. இன்னொரு பக்கம், இதுவரை யாரும் கண்டுகொள்ளாத தடுப்பாட்டக்காரர் உள்ளே வந்தார். பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி என்று கடலோரத்தில் செல்போனில் டீம் போடும் இளைஞர்களுக்கு இதில் என்ன இருக்கு? எப்படி டீம் போடணும்? எங்கே சிக்காமல் இருக்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், ஃபேன்டஸி ஃபுட்பால் என்றால் என்ன?

நிஜ வீரர்களை வைத்து நீங்கள் ஒரு கற்பனை அணி அமைக்கிறீர்கள். அந்த வீரர்கள் நிஜ மைதானத்தில் என்ன செய்கிறார்களோ, அதற்கேற்ப உங்களுக்குப் பாயின்ட். அவ்வளவுதான்.

இந்த விளையாட்டு அமெரிக்காவில் 1962-ல் தொடங்கியது. அங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். அதில் பெரும்பாலான ஃபேன்டஸி லீக்குகளில் ஒரு வழக்கம் உண்டு. தாக்குதல் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தடுப்பாட்டத்துக்கு மட்டும் ஒரு கிளப்பின் மொத்தத் தடுப்பையும் ஒரே மூட்டையாக எடுக்க வேண்டும். 'இன்னார் நல்லா தடுத்தார்' என்று தனியாகப் பாயின்ட் கிடையாது.

இது சரியில்லை என்று நினைத்தவர்கள் உருவாக்கியதுதான் 'ஐ.டி.பி' லீக். அதாவது தடுப்பாட்டக்காரர்களையும் தனித்தனி ஆளாகத் தேர்ந்தெடுக்கும் முறை. ஒவ்வொரு டேக்கிளுக்கும், ஒவ்வொரு இன்டர்செப்ஷனுக்கும் அந்த வீரருக்கே பாயின்ட். இப்போது பிரீமியர் லீக் ஃபேன்டஸிக்கு வந்திருப்பதும் கிட்டத்தட்ட இதே சிந்தனைதான்.

புதிய விதி என்ன சொல்கிறது?

2025-26 சீசனில் இருந்து:

- ஒரு டிஃபென்டர் ஒரே மேட்ச்சில் கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் எல்லாம் சேர்த்து 10 செய்தால் 2 பாயின்ட்.
- மிட்ஃபீல்டர், ஃபார்வர்டுக்கு இலக்கு 12. ஆனால் அவர்களுக்கு, சிதறிய பந்தை மீட்டெடுக்கும் ரெக்கவரியும் கணக்கில் சேரும்.
- ஒரு மேட்ச்சுக்கு அதிகபட்சம் 2 பாயின்ட்தான். 20 செய்தாலும் 2, 10 செய்தாலும் 2. ஒன்பதில் நின்றால் பூஜ்யம்.
- கோல்கீப்பருக்கு இந்த விதி கிடையாது.

இதற்கு முன்பு டிஃபென்டருக்கு என்ன கிடைத்தது? 60 நிமிடம் ஆடினால் 2 பாயின்ட். அணி கோல் வாங்காமல் தப்பித்தால், அதாவது கிளீன் ஷீட் கிடைத்தால் 4. கோல் அடித்தால் 6, கோலுக்கு உதவினால் 3. அணி 2 கோல் வாங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பாயின்ட் கட்.

இதில் ஒரு அநியாயம் இருந்தது, கவனித்தீர்களா? 89 நிமிடம் உயிரைக் கொடுத்துத் தடுத்த டிஃபென்டர், கடைசி நிமிடத்தில் யாரோ ஒருவர் செய்த தப்பால் கோல் வாங்கினால் 4 பாயின்ட்டும் போச்சு. பந்தே பக்கத்தில் வராத பெரிய கிளப் டிஃபென்டருக்கு முழு 4 பாயின்ட். உழைப்புக்குக் கணக்கே இல்லை.

கபடி பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை

ஊர்த் திருவிழாக் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. ரெய்டர் போய் தொட்டுவிட்டு வந்தால் கைதட்டல். ஆனால் கார்னரில் நிற்பவர் காலைப் பிடித்து மடக்கினால் அதுவும் ஒரு பாயின்ட். மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது மடக்கினால் 'சூப்பர் டேக்கிள்', ரெண்டு பாயின்ட்.

புரோ கபடியில் நிதேஷ் குமார் 2018 சீசனில் யு.பி. யோத்தா அணிக்காக 100 டேக்கிள் பாயின்ட் எடுத்தார். ஒரே சீசனில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் டிஃபென்டர் அவர்தான்.  கபடியில் டிஃபென்டருக்குத் தனிப் பெயர், தனிக் கணக்கு எப்போதோ வந்துவிட்டது. கால்பந்து ஃபேன்டஸி இப்போதுதான் அந்த இடத்துக்கு வருகிறது.

2 பாயின்ட் பெரிய விஷயமா?

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு சீசனில் 38 மேட்ச். ஒரு டிஃபென்டர் அதில் பாதியில், அதாவது 19 மேட்ச்சில் இலக்கைத் தொட்டால் கூடுதலாக 38 பாயின்ட். இது ஒன்பதரை கிளீன் ஷீட்டுக்குச் சமம்!

ஒரு மேட்ச்சை மட்டும் எடுத்துக்கொள்வோம். அணி 0-1 என்று தோற்கிறது. பழைய விதிப்படி டிஃபென்டருக்கு 2 பாயின்ட். இப்போது இலக்கைத் தொட்டிருந்தால் 4. இரட்டிப்பு. 0-2 என்று தோற்றால் முன்பு 1, இப்போது 3. அணி தோற்ற நாளிலும் உங்கள் வீரர் வெறுங்கையோடு வருவதில்லை.

மீன்பிடி மொழியில் சொன்னால், கோலும் கிளீன் ஷீட்டும் பெரிய சீலா மாதிரி. மாட்டின நாளில் கொண்டாட்டம், மாட்டாத நாளில் வலை காலி. தடுப்புப் பாயின்ட் என்பது தினசரி டீசல் செலவையாவது எடுத்துத் தரும் பாடு.

சராசரி ஏமாற்றும்: முக்கியமான பாடம் இதுதான்

டீம் போடும்போது பெரும்பாலானோர் செய்யும் தப்பு, 'இவருக்குச் சராசரி 10 இருக்கு' என்று பார்த்து எடுப்பது. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ரெண்டு டிஃபென்டர், ஐந்து மேட்ச்:

- முதல் ஆள்: 4, 18, 5, 16, 7. மொத்தம் 50.
- இரண்டாவது ஆள்: 10, 11, 9, 10, 10. மொத்தம் 50.

ரெண்டு பேருக்கும் சராசரி 10. ஆனால் முதல் ஆள் இலக்கைத் தொட்டது 2 முறை, கிடைப்பது 4 பாயின்ட். இரண்டாவது ஆள் தொட்டது 4 முறை, கிடைப்பது 8 பாயின்ட். சரியாக இரண்டு மடங்கு!

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு?' இல்லை, 'எத்தனை முறை?'. கடைசி ஆறு, ஏழு மேட்ச்சில் எத்தனை முறை 10-ஐத் தொட்டார் என்று எண்ணிப் பாருங்கள். எட்டு, ஒன்பதில் அடிக்கடி நிற்பவரையும் குறித்து வையுங்கள். எதிரணி கொஞ்சம் பலமாக இருந்தால் அவர் தாண்டிவிடுவார்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்க ஐ.டி.பி ஆட்டக்காரர்கள் பல வருடம் ஆடிக் கற்ற பாடங்கள் இங்கே அப்படியே உதவும்.

*1. பெயரைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள்.* அமெரிக்கன் ஃபுட்பாலில் நடுவில் நிற்கும் லைன்பேக்கருக்குத்தான் டேக்கிள் அதிகம். காரணம், பந்து அவர் பக்கம் வந்துகொண்டே இருக்கும். பிரீமியர் லீக்கில் அந்த இடம் சென்டர் பேக்குக்கு. அதிலும் பந்தை அதிகம் வைத்திருக்காமல், பின்னால் நின்று தாங்கும் கிளப்பின் சென்டர் பேக். எவர்ட்டனின் ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கி இதற்கு நல்ல உதாரணம். ஓரத்தில் ஏறி ஆடும் ஃபுல் பேக்குகளுக்கு கோல் வாய்ப்பு அதிகம், ஆனால் 10-ஐத் தொடுவது கஷ்டம்.

*2. நடுக்களத்தையும் மறக்காதீர்கள்.* நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் எலியட் ஆண்டர்சன், செல்சியின் மொய்செஸ் கைசேடோ மாதிரி ஆட்களுக்கு கோல் குறைவு. ஆனால் பந்தை மீட்டெடுப்பதிலும் டேக்கிளிலும் ஓயமாட்டார்கள். முன்பு ஃபேன்டஸியில் இப்படிப்பட்டவர்களை அதிகம் பேர் சீண்டியதில்லை. இப்போது விலை குறைந்த ஐந்தாவது மிட்ஃபீல்டராக வைக்க ஏற்றவர்கள்.

*3. எதிரணியைத் தலைகீழாகப் படியுங்கள்.* கிளீன் ஷீட் வேண்டுமானால் எதிரணி பலவீனமாக இருக்கணும். தடுப்புப் பாயின்ட் வேண்டுமானால் எதிரணி அழுத்தம் கொடுக்கணும். பலமான அணி வருதுன்னு பதறி டிஃபென்டரை பெஞ்சில் போட வேண்டியதில்லை. அன்றைக்குத்தான் அவருக்கு வேலை அதிகம்.

*4. ஐந்து பேரையும் ஒரே வகையில் எடுக்காதீர்கள்.* ஐந்தும் கீழ்மட்டக் கிளப் என்றால் கிளீன் ஷீட்டே வராது. ஐந்தும் பெரிய கிளப் என்றால் பணம் காலி. பெரிய கிளப்பில் 2, உழைப்பாளி சென்டர் பேக் 2, பெஞ்சுக்கு விலை குறைந்த ஒருவர். இது தொடங்குவதற்கு நல்ல கலவை.

*5. டிஃபென்டரைக் கேப்டன் ஆக்காதீர்கள்.* கேப்டனுக்கு பாயின்ட் இரட்டிப்பு. அந்த இடத்துக்கு ஒரே நாளில் 15, 20 எடுக்கக்கூடியவர் வேண்டும். தடுப்புப் பாயின்ட்டுக்கு உச்சவரம்பு 2. இது அடித்தளம், மாடி இல்லை.

ஆத்துல போட்டாலும் அளந்து போடு: பட்ஜெட் கணக்கு

மொத்தம் 15 வீரர்கள், 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணம். 2 கோல்கீப்பர், 5 டிஃபென்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு. ஒரு கிளப்பில் இருந்து 3 பேருக்கு மேல் கூடாது.

2025-26 சீசன் தொடக்கத்தில் முகமது சலாவின் விலை 14.5 மில்லியன், எர்லிங் ஹாலண்ட் 14 மில்லியன். ரெண்டு பேரையும் எடுத்தால் 28.5 போச்சு. மீதி 71.5 மில்லியனில் 13 பேர், சராசரியாக ஆளுக்கு 5.5. இந்த நெருக்கடியில்தான் விலை குறைந்த உழைப்பாளி டிஃபென்டர் கைகொடுக்கிறார். அவர் மிச்சப்படுத்தித் தரும் பணத்தில்தான் முன்வரிசை நட்சத்திரம் வருகிறார்.

இன்னொரு எச்சரிக்கை. வாரம் ஒரு மாற்றம் இலவசம், பயன்படுத்தாவிட்டால் 5 வரை சேர்த்து வைக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 4 பாயின்ட் கழியும். ஒரு டிஃபென்டரைத் துரத்தி 4 பாயின்ட் இழந்தால், அவர் ரெண்டு மேட்ச்சில் இலக்கைத் தொட்டால்தான் போட்ட முதலே திரும்பும். பொறுத்திருப்பது லாபம்.

கடலுக்குப் போகிறவர் டீம் போடுவது எப்படி?

ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி என்று வாரம் மூன்று நாள் கடலுக்குப் போகும். நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்கள். இங்கேதான் ஒரு சிக்கல். பிரீமியர் லீக்கின் பெரும்பாலான வாரங்களில் சனிக்கிழமைதான் முக்கியமான நாள். டீமை மாற்றுவதற்கான கெடு, அந்த வாரத்தின் முதல் மேட்ச்சுக்கு 90 நிமிடம் முன்பு முடிந்துவிடும்.

நம்ம நேரப்படி சொன்னால்:

- முதல் மேட்ச் சனிக்கிழமை மதியம் (இங்கிலாந்து நேரம் 12.30) என்றால், அக்டோபர் கடைசி வரை கெடு மாலை 3.30. அதன்பிறகு மார்ச் கடைசி வரை மாலை 4.30.
- வெள்ளிக்கிழமை இரவு (அங்கே 8 மணி) மேட்ச் இருந்தால் கெடு வெள்ளி இரவு 11 மணி. குளிர்காலத்தில் நள்ளிரவு 12.

சனிக்கிழமை படகில் இருப்பவருக்குக் கடலில் சிக்னல் கிடைக்காது. கடைசி நேரத்தில் 'இவருக்குக் காயம்' என்று செய்தி வந்தாலும் மாற்ற முடியாது. இதற்கு ஆட்டத்திலேயே வழி இருக்கு. நீங்கள் இறக்கிய வீரர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை என்றால், பெஞ்சில் இருப்பவர் வரிசைப்படி தானாக உள்ளே வருவார். கேப்டன் ஆடவில்லை என்றால் துணை கேப்டனுக்கு இரட்டிப்பு போகும்.

அதனால் முதல் நாள் இரவே மூன்று வேலையை முடித்துவிடுங்கள். பெஞ்ச் வரிசையைச் சரிபார்க்கணும். முதல் இடத்தில் கட்டாயம் ஆடக்கூடிய டிஃபென்டரை வைக்கணும். துணை கேப்டன் வேறு மேட்ச்சில் ஆடுபவராக இருக்கணும். கடைசி நேரச் செய்தியை நம்பி இருப்பவரைவிட, மாதம் முழுக்க 90 நிமிடம் ஆடும் சென்டர் பேக்கை வைத்திருப்பவருக்குக் கவலை குறைவு.

சரி, இது சட்டப்படி சரியா?

இந்தக் கேள்விக்குப் பதில் ஒரே வார்த்தையில் இருக்கு: பணம்.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. 'திறமை மேலோங்கி இருந்தால் அது சூதாட்டம் இல்லை' என்ற அந்த வாதம்தான் பிறகு ஃபேன்டஸிக்கும் கவசமானது. டிரீம்11 ஆட்டம் திறமை சார்ந்தது என்று பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் 2017-ல் சொன்னது.

தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மி, போக்கர் மீதான தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 வரை பண ஆட்டங்களுக்கு அனுமதி இல்லை, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்ற விதிகளை 2025 ஜூனில் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இந்த 'திறமையா, அதிர்ஷ்டமா' விவாதத்தையே 2025 மத்தியச் சட்டம் ஓரம் கட்டிவிட்டது. மக்களவையில் ஆகஸ்ட் 20, மாநிலங்களவையில் ஆகஸ்ட் 21, குடியரசுத் தலைவர் ஒப்புதல் ஆகஸ்ட் 22. மூன்றே நாளில் முடிந்தது. திறமை ஆட்டமோ, அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆன்லைனில் ஆடினால் அது தடை செய்யப்பட்ட ஆட்டம்.

- நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம்.
- விளம்பரம் செய்பவர்களுக்கு 2 ஆண்டு வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம்.
- ஆடுபவர்களுக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை.

டிரீம்11 உடனே கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. இந்திய கிரிக்கெட் அணியின் ஜெர்சியில் இருந்தும் அந்தப் பெயர் போனது. சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் போடப்பட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

பந்தயமோ பணப் பரிமாற்றமோ இல்லாத சமூக விளையாட்டுகளுக்கு இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஃபேன்டஸி பிரீமியர் லீக்கில் சேர நுழைவுக் கட்டணம் கிடையாது.

திறமை இருந்தால் பணம் போடலாமே?

பலரும் கேட்கும் கேள்வி. டீம் தேர்வில் திறமை இருக்கு, மேலே பார்த்த கணக்குகளே அதற்குச் சாட்சி. ஆனால் திறமை இருந்தால் நஷ்டம் வராது என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

100 பேர் ஆளுக்கு 50 ரூபாய் கட்டினால் மொத்தம் 5,000. நடத்துபவர் தன் பங்கை எடுத்த பிறகு மிச்சம்தான் பரிசு. அதனால் ஆடுபவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் எப்போதும் நஷ்டம்தான். நீங்கள் ஜெயிக்க இன்னும் பலர் தோற்கணும். ஆண்டுக்கு சுமார் 45 கோடி பேர் இந்த ஆட்டங்களில் ஏறத்தாழ ரூ.20,000 கோடி இழக்கிறார்கள் என்பது மத்திய அரசு சொன்ன மதிப்பீடு.

கடலோரத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், வருமானம் இல்லை, கையில் செல்போன். ஐ.பி.எல்லும், பிரீமியர் லீக்கின் கடைசிக் கட்டமும் சரியாக அந்த நாட்களில்தான் வரும். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு ரூ.8,000. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் ஸ்டாலின் உயர்த்தி அறிவித்த தொகை அது.

நாளுக்கு வெறும் 49 ரூபாய் போட்டால் 61 நாளில் ரூ.2,989. வீட்டுக்கு வந்த நிவாரணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் செல்போன் வழியாகவே வெளியே போய்விடும்.

இப்போது எங்கே ஆபத்து?

பெரிய நிறுவனங்கள் நிறுத்தினாலும் மோசடி நிற்கவில்லை. மூன்று விஷயத்தில் கவனம் தேவை:

- டெலிகிராமில் 'ஜெயிக்கிற டீம் தர்றோம்' என்று கட்டணம் கேட்பவர்கள். எந்த டிஃபென்டர் 10-ஐத் தொடுவார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.
- கடைகளில் இல்லாத, லிங்க் மூலம் இறக்கச் சொல்லும் வெளிநாட்டுப் பந்தய ஆப்கள். போட்ட பணம் வராவிட்டால் யாரிடமும் கேட்க முடியாது.
- நண்பர்கள் லீக்கில் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, ஜெயித்தவருக்குக் கொடுப்பது. 'சின்னத் தொகைதானே' என்று தோன்றலாம். ஆனால் பணம் உள்ளே வந்த நிமிடமே அது இலவச ஆட்டம் என்ற பாதுகாப்பை இழக்கிறது.

பணம் ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். ஆட்டத்தை விட முடியவில்லை, கடன் மன அழுத்தம் என்றால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

சுருக்கமாக

சராசரியைப் பார்க்காமல் எத்தனை முறை இலக்கைத் தொட்டார் என்று பாருங்கள். அழுத்தம் தாங்கும் கிளப்பின் சென்டர் பேக்குகள் ரெண்டு பேர் எப்போதும் இருக்கட்டும். பெஞ்ச் வரிசையை வெள்ளிக்கிழமையே முடியுங்கள். கேப்டன் பட்டையை முன்வரிசைக்குக் கொடுங்கள். பந்தயத்துக்குப் போடுவது அந்த 100 மில்லியன் கற்பனை பவுண்டாக மட்டுமே இருக்கட்டும். அதைத் தோற்றால் அடுத்த வாரம் மறுபடியும் ஆடலாம்.